பெரிய ரகசியம் போன வழி

டெல்லியில் யமுனைக் கரையோரம், நிகம்போத் படித்துறையை ஒட்டி, ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோவுக்கு ஒரு மாளிகை இருந்தது. 1657-ம் ஆண்டின் முதல் பாதியில் அங்கே ஒரு பெரிய மொழிபெயர்ப்பு வேலை நடந்தது. காசியிலிருந்து வந்த பண்டிதர்களும் சந்நியாசிகளும் படித்துப் பொருள் சொல்ல, உபநிடதங்கள் ஒவ்வொன்றாகப் பாரசீகத்துக்குப் போயின. ஆறே மாதத்தில் ஐம்பது. ரம்ஜான் மாதம் முடியச் சில நாட்கள் இருக்கையில் வேலை நிறைவுற்றது. நூலுக்குத் தாரா வைத்த பெயர் ‘சிர்-இ-அக்பர்’, அதாவது பெரிய ரகசியம்.

தாரா காதிரி என்னும் சூஃபி வழியில் வந்தவர். இறைவன் ஒருவன் என்பதோடு நிற்காமல், உண்மையில் இருப்பதே அவன் ஒருவன்தான் என்று பேசும் ஞானிகளிடம் பாடம் கேட்டவர். அந்த ஒருமைக்கு விளக்கம் தேடி மூசாவின் வேதம், தாவூதின் சங்கீதம், ஈசாவின் நற்செய்தி எல்லாவற்றையும் படித்ததாகவும், அவற்றில் அது சுருக்கமாகவும் மறைபொருளாகவும் மட்டுமே இருந்ததாகவும், உபநிடதங்களில்தான் விரிவாகக் கிடைத்ததாகவும் முன்னுரையில் சொல்கிறார். குர்ஆன் ஓரிடத்தில் சுட்டும் ‘மறைத்து வைக்கப்பட்ட நூல்’ இதுதான் என்றும் துணிந்து எழுதினார். அரியணைக்கு உரிமை கொண்டாடும் ஓர் இளவரசன், தம்பிமார் காத்திருக்கும் வேளையில் இப்படி எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவரை அப்படி ஈர்த்தது எது? ஐம்பதில் ஒன்றான மாண்டூக்கியம் மிகச் சிறியது, பன்னிரண்டே மந்திரங்கள். விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என நாம் நாள்தோறும் கடந்துபோகும் மூன்று நிலைகளை அது எடுத்துக்கொள்கிறது. விழிப்பில் ஓர் உலகம் தெரிகிறது. கனவில் வேறோர் உலகம் தெரிகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் எந்த உலகமும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்தவர், “நல்ல தூக்கம், ஒன்றுமே தெரியவில்லை” என்கிறார். ஒன்றும் தெரியாமல் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? உலகம் வந்து வந்து போகிறது. வருவதையும் போவதையும் எதுவுமே இல்லாததையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று மட்டும் எங்கும் போவதில்லை. அந்த உணர்வைத்தான் மாண்டூக்கியம் நான்காவது என்று சொல்கிறது. அதையே ஆன்மா என்றும் பிரம்மம் என்றும் சொல்கிறது.

இந்த அடித்தளத்தின் மேல் கௌடபாதர் காரிகைகளை எழுதினார். அவர் மரபில் வந்த சங்கரர் பாஷ்யங்களை எழுதினார். அந்தி வெளிச்சத்தில் கயிறு பாம்பாகத் தெரியும் உதாரணம் அவர்கள் கையில் ஒரு நுட்பமான கருவியானது. பாம்பு அங்கே ஒருபோதும் இல்லை. ஆனால் பார்த்தவருக்கு நெஞ்சு படபடத்தது நிஜம், அவர் துள்ளி ஓடியதும் நிஜம். ஆகவே பாம்பு முயற்கொம்பைப் போல அறவே இல்லாத பொருளும் இல்லை. விளக்கு வந்ததும் மறைந்துவிடுவதால் உள்ள பொருளும் இல்லை. இரண்டிலும் சேராத இந்த நிலையைத்தான் அநிர்வசனீயம் என்கிறது வேதாந்தம். உலகம் மாயை என்றால் உலகமே கிடையாது என்று பொருள் சொல்லிக்கொண்டு அத்வைதத்தைக் கேலி செய்பவர்களும் உண்டு, அதே பொருளில் அதைப் போற்றுபவர்களும் உண்டு. இரு தரப்பாரும் சங்கரரைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அறம், வழக்கு, வாணிபம் என்று நடைமுறை உலகம் முழுவதற்கும் அதனதன் அளவில் உண்மை உண்டு என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உலகம் தோற்றம் என்பதும் உணர்வே மெய்ப்பொருள் என்பதும் உபநிடத மரபில் ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகள். கயிறு தெரியும்போதுதான் பாம்பு பொய்யாகிறது. கயிற்றைச் சொல்லாமல் பாம்பு இல்லை என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு இருட்டுதான் மிஞ்சும். பெரிய ரகசியம் டெல்லியை விட்டுக் கிளம்பியபோது இரண்டு பாதிகளும் ஒன்றாகவே கிளம்பின. போன வழியில் பிரிந்துவிட்டன. முதல் பாதி ஐரோப்பாவில் கால் ஊன்றி நூறாண்டு ஆன பிறகே இரண்டாம் பாதிக்கு அங்கே உரத்த குரல் கிடைத்தது.

அதற்கு முன் ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா உடல்களிலும் விளங்குவது ஒரே உணர்வு என்று நிறுவிய அதே சங்கரர், பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சூத்திரர்களுக்கு வேதம் ஓதவும் கேட்கவும் உரிமை இல்லை என்ற பழைய விதியை ஏற்று எழுதுகிறார். இதிகாச புராணங்கள் வழியே ஞானம் பெறலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார் என்பது உண்மைதான். ஆனால் பெரிய வாசல் மூடியே இருந்தது. அதைத் தாண்டி உபநிடதங்களை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றவர்கள் யார் யார் என்று பார்த்தால், ஒருவர் முஸ்லிம் இளவரசர், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் கடவுளையே ஏற்காதவர். அந்த மரபு தன் காவலர்களாக யாரை எண்ணியதோ, அவர்கள் எவர் பெயரும் இந்தப் பட்டியலில் இல்லை. மாளிகையில் தாராவுக்குப் பாடம் சொன்ன அந்தக் காசிப் பண்டிதர்களை மட்டும் நான் நன்றியோடு விலக்கிவைக்கிறேன்.

மொழிபெயர்ப்பு முடிந்த சில மாதங்களிலேயே ஷாஜகான் நோயில் விழுந்தார். மகன்களுக்குள் போர் மூண்டது. 1658-ல் ஆக்ராவுக்கு அருகே சாமுகட்டில் தம்பி ஔரங்கசீப்பிடம் தாரா தோற்றார். பிடிபட்டு டெல்லித் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, 1659 ஆகஸ்டு இறுதியில் கொல்லப்பட்டார். ஔரங்கசீப்பின் ஆட்சி வரலாறான ஆலம்கீர்நாமா அவர்மீது அடுக்கும் குற்றங்களில், பிராமணர்களோடும் யோகிகளோடும் பழகியதும், மோதிரத்தில் ‘பிரபு’ என்று நாகரி எழுத்தில் பொறித்து அணிந்ததும் உண்டு. அரியணைப் போட்டி இல்லாமல் இருந்தால் அந்த மோதிரம் குற்றமாகியிருக்குமா என்பது வேறு கேள்வி. தலை போனாலும் நூல் போகவில்லை. பாரசீகம் படித்த இந்து முன்ஷிகளும் முஸ்லிம் அறிஞர்களும் அதைப் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு படி, அவத் நவாப் ஷுஜா உத் தௌலாவின் ஃபைசாபாத் அரசவையில் பிரெஞ்சுப் பிரதிநிதியாக இருந்த ழான் பாப்திஸ்த் ழாந்தீயின் கைக்கு வந்தது. அவர் அதைப் பாரிசில் இருந்த நண்பருக்கு அனுப்பினார். 1775-ல் பொட்டலத்தைப் பெற்றுக்கொண்ட அந்த நண்பர்தான் ஆப்ரகாம் யாசேந்த் ஆன்கெத்தில் துப்பெரோன்.

இந்த மனிதரைப் பற்றித் தமிழர்கள் கூடுதலாகவே தெரிந்துகொள்ளலாம். கிழக்கத்திய வேதங்களைத் தேடிப் போகப் பணம் இல்லாததால், 1754-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்தார். 1755 ஆகஸ்டில் அவர் முதலில் கால் வைத்த இந்திய மண் புதுச்சேரி. அங்கே பாரசீகம் படிக்கத் தொடங்கி, வங்கம் போய், மீண்டும் நிலவழியே புதுச்சேரி திரும்பி, கடைசியில் சூரத் சென்று பார்சி குருமார்களிடம் அவெஸ்தா கற்றார். 1762-ல் 180 கையெழுத்துப் பிரதிகளோடு பாரிசுக்குத் திரும்பினார். 1771-ல் அவர் வெளியிட்ட அவெஸ்தா மொழிபெயர்ப்பைப் போலி என்று சொல்லி, இளைஞராக இருந்த வில்லியம் ஜோன்ஸ் கடுமையாகக் கேலி செய்தார். அந்தக் காயம் ஆறாத நிலையில்தான் உபநிடதங்கள் அவரைத் தேடி வந்தன.

இன்னொரு பிரதியும் கிடைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முதலில் பிரெஞ்சில் பெயர்த்தார். நிறைவு வரவில்லை. மறுபடி முதலிலிருந்து இலத்தீனில் தொடங்கினார். பாரசீக வாக்கியத்தில் சொற்கள் எந்த வரிசையில் நின்றனவோ, அதே வரிசையில் இலத்தீனையும் நிறுத்திவைத்தார். இலத்தீன் தெரிந்தவர்களே திணறும் நடை அது. வெளியே பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. உள்ளே இவர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கிணற்று நீருமாக, நாளொன்றுக்கு நான்கு சூ காசு செலவில், குளிர்காலத்திலும் அடுப்பு மூட்டாமல், மெத்தை இல்லாத கட்டிலில் படுத்து, மனைவி மக்கள் வேலைக்காரர் எவருமின்றி வாழ்ந்துகொண்டிருந்தார். இதையெல்லாம் நாம் அறிவது அவரே எழுதிவைத்ததால்தான். நூலின் முகப்பில் இந்தியாவின் ஞானிகளுக்கு ஒரு கடிதம் வரைந்து, உங்களைப் போன்ற வாழ்க்கையைத்தான் நானும் வாழ்கிறேன், என் எழுத்தை ஒதுக்கிவிடாதீர்கள் என்ற பொருளில் கேட்டுக்கொள்கிறார். அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களில் ஒருவரும் அன்று இலத்தீன் படித்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை உண்டாகிறது.

‘ஊப்னெகாத்’ என்ற பெயரில் நூல் இரண்டு தொகுதிகளாக 1801-லும் 1802-லும் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சானது. நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த ஆன்கெத்தில், 1805 ஜனவரியில் இறந்தார்.

1814-ம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், வைமார் நூலகத்திலிருந்து இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் ‘ஊப்னெகாத்’தை இரவல் வாங்கிப் போனார். ஆர்தர் ஷோப்பன்ஹவர். இந்தியவியலில் ஈடுபாடு கொண்ட ஃபிரீட்ரிஷ் மாயர் அவரை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். பிறகு சொந்தப் பிரதி வாங்கி, ஓரங்களில் குறிப்பெழுதிக்கொண்டே ஆயுள் முழுக்கப் படித்தார். அவர் வளர்த்த பூடில் நாய்க்குப் பெயர் ஆத்மா. தன் வாழ்வுக்கு ஆறுதலாக இருந்த நூல், சாவுக்கும் அதுவே ஆறுதலாக இருக்கும் என்று 1851-ல் எழுதினார். சமஸ்கிருதத்திலிருந்து நேராக வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் அதற்குள் கிடைத்தும், இரண்டு மொழி தாண்டி வந்த இந்தக் கரடுமுரடான இலத்தீனையே நம்பினார். மற்றவர்கள் ஐரோப்பியச் சாயம் பூசிவிட்டார்கள், ஆன்கெத்தில் பூசவில்லை என்பது அவர் கணிப்பு.

1818 இறுதியில் வெளிவந்த அவருடைய பெருநூல், உலகம் என் மனத்தில் எழும் தோற்றம் என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. மாயையின் திரை என்ற சொற்றொடர் அதன் பக்கங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. காலம், இடம், காரண காரியம் ஆகியவை பொருள்களில் இல்லை, நம் அறியும் முறையில் இருக்கின்றன என்று கான்ட் காட்டியிருந்தார். அதையும் வேதாந்தத்தின் மாயையையும் ஷோப்பன்ஹவர் ஒன்றாகப் பார்த்தார். இதுவரை தாராவின் நூல் அவரிடம் பழுதில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது.

திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற இடத்தில்தான் பாதை பிரிகிறது. உபநிடதம் அங்கே உணர்வை வைக்கிறது. ஷோப்பன்ஹவர் வைத்தது இச்சையை, குருட்டு இச்சையை. எதற்கென்று தெரியாமல் முட்டிமோதும் உந்துதல் அது. விதை முளைப்பதும் கல் விழுவதும் மனிதன் ஏங்குவதும் அதன் வேலையே. உணர்வு அதற்குப் பின்னால், மூளை உண்டான பிறகு வரும் ஒரு துணைப்பொருள்தான். அறிவை அடிப்படையாக வைத்ததே தனக்கு முந்தைய தத்துவவாதிகள் எல்லோரும் செய்த தவறு என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆக, பாம்பு பொய் என்ற பாதி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. கயிறு எது என்ற பாதி மாறிப்போனது. சச்சிதானந்தம் என்பதில் சித்து போனதும் ஆனந்தமும் சேர்ந்தே போயிற்று. வேதாந்தம் அவநம்பிக்கைத் தத்துவம், வாழ்க்கையை வெறுப்பது என்ற பெயர் மேற்கில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டதற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் அவர் ஒன்றை உயிரோடு பற்றிக்கொண்டார். அறத்தின் அடிப்படை எது என்று டென்மார்க் அரசக் கழகம் வைத்த போட்டிக்கு அவர் எழுதிய கட்டுரையில் விடை கருணை. பிறர் துன்பம் என்னை ஏன் வருத்த வேண்டும்? ஏனென்றால் அவருக்கும் எனக்கும் நடுவே உள்ள வேறுபாடே தோற்றம்தான். இதற்குத் துணையாக அவர் காட்டியது ‘அதுவே நீ’ என்று பொருள்படும் தத்துவமசி என்னும் மகாவாக்கியம். போட்டிக்கு வந்தது அந்த ஒரே கட்டுரை. 1840-ல் கழகம் அதற்கும் பரிசு தர மறுத்துவிட்டது.

இங்கே தமிழ் ஒரு கிளைவழியில் வந்து சேர்கிறது. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், தமிழகம் வந்து தமிழ் கற்றவர். தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதத்தை 1850-களின் நடுவில் லைப்சிக்கில் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். குருவும் சீடனும் கேட்டும் தெளிந்தும் போகும் அந்த நூலில், உணர்வே மெய்ப்பொருள் என்ற பாதி சிதையாமல், பண்டிதர் அல்லாதவருக்கும் புரியும் தமிழில் இருந்தது. 1856-ல் கிரவுலின் ஜெர்மன் திருக்குறள் வந்தது. மூன்று ஆண்டு கழித்து வந்த தம் பெருநூலின் மூன்றாம் பதிப்பில் ஷோப்பன்ஹவர் அதிலிருந்து, துறவு அதிகாரத்தில் ‘யான்’, ‘எனது’ இரண்டும் அறுவதைச் சொல்லும் குறளை எடுத்தாண்டார். இச்சையிலிருந்து விடுதலை தேடிய அவருக்கு அந்தக் குறள் பிடித்ததில் வியப்பில்லை.

அடுத்த தலைமுறையில் பவுல் டாய்சன். நீட்சேயோடு ஷுல்ப்ஃபோர்ட்டா பள்ளியில் ஒன்றாகப் படித்தவர், நீட்சே வழியாகவே ஷோப்பன்ஹவரிடம் வந்தவர். இவர் இலத்தீனோடு நிற்காமல் சமஸ்கிருதம் கற்று, பிரம்மசூத்திரத்தையும் சங்கர பாஷ்யத்தையும் பெயர்த்து, 1897-ல் அறுபது உபநிடதங்களை ஜெர்மனில் தந்தார். 1893-ல் பம்பாயில் பேசியபோது, அயலானை உன்னைப்போல் நேசி என்கிறது பைபிள், ஏன் நேசிக்க வேண்டும் என்பதற்கான காரணத்தைத் தத்துவமசி தருகிறது என்று விளக்கினார். 1896 செப்டம்பரில் கீல் நகரில் விவேகானந்தர் அவரைச் சந்தித்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் லண்டனில் விவேகானந்தர் ஆற்றிய நடைமுறை வேதாந்த உரைகளில் இதே வாதம் கேட்கிறது. இதை வைத்து, மகாவாக்கியத்திலிருந்து அறத்தை வருவிக்கும் வழக்கமே ஷோப்பன்ஹவரிடம் பிறந்து டாய்சன் மூலம் இந்தியாவுக்கு வந்தது என்று ஜெர்மன் அறிஞர் பால் ஹாக்கர் வாதிட்டார். பாதிதான் சரி என்பேன். எல்லா உயிர்களிலும் தன்னைக் காண்பவன் எதையும் வெறுப்பதில்லை என்ற கருத்து ஈசாவாஸ்யத்திலேயே உண்டு, கீதையின் ஆறாம் அத்தியாயத்திலும் உண்டு. ஆனால் அதைச் சமூகக் கடமையாக மாற்றி, பட்டினி கிடப்பவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வேகம், ஊர் சுற்றித் திரும்பிய பிறகே அதற்குக் கூடியது. மூடியிருந்த பெரிய வாசலை உடைக்க விவேகானந்தருக்கு அந்த வேகம் தேவைப்பட்டது.

விடுபட்ட பாதியை மீட்டவர் ஓர் இயற்பியலாளர். எர்வின் ஷ்ரோடிங்கர் முதல் உலகப் போர் முடியும் காலத்தில் வியன்னாவில் ஷோப்பன்ஹவரை மூழ்கிப் படித்து, அவர் வழியே டாய்சனிடமும் வேதாந்தத்திடமும் போனார். 1925 இலையுதிர் காலத்தில், அவருடைய அலை இயக்கவியல் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், தம் உலகப் பார்வை குறித்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் குருட்டு இச்சைக்கு வேலை இல்லை. பல உடல்களில் பல உணர்வுகள் இருப்பதாகத் தோன்றுகிறதே, அந்தப் பன்மைதான் தோற்றம் என்கிறார். 1943-ல் டப்ளினில் ஆற்றிய உரைகள் மறு ஆண்டு ‘உயிர் என்றால் என்ன?’ என்ற நூலாயின. மரபுப்பொருளின் மூலக்கூறு அமைப்பை ஊகித்ததால் வாட்சன், கிரிக் போன்றவர்களை உயிரியலை நோக்கி இழுத்த நூல் அது. அதன் பின்னுரையில் உபநிடதங்களைப் பெயர் சொல்லி அழைத்து அவர் வைக்கும் வாதம் எளிமையானது: உணர்வை எவரும் பன்மையில் அனுபவித்ததில்லை. எனக்குள் இரண்டு உணர்வுகள் இருப்பதாக நான் ஒருபோதும் கண்டதில்லை. உலகத்தில் வேறெங்கும் இரண்டாவதாக ஒன்றை நேரில் கண்டவரும் இல்லை. ஊகித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆக, ஒருமையை ஏற்பதைவிடப் பன்மையை ஏற்கத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். மாண்டூக்கியத்தின் நான்காவது, டெல்லியை விட்டுக் கிளம்பி ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு கழித்து இப்படி வந்து நின்றது.

அந்த 1925 கட்டுரையோடு இன்னொரு பகுதியையும் சேர்த்து, ‘என் உலகப் பார்வை’ என்ற பெயரில் நூல் 1961-ல் வெளிவந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஷ்ரோடிங்கர் மறைந்தார். இப்போது குவாண்டம் இயற்பியல் அத்வைதத்தை நிரூபித்துவிட்டது என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் அதன் முன்னுரையைப் படிக்க வேண்டும். அலை இயக்கவியல், நிச்சயமின்மை இவற்றையெல்லாம் இந்த நூலில் நான் பேசவில்லை, தத்துவப் பார்வையோடு இவற்றுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் அளவுக்குத் தொடர்பு உண்டு என்று நான் நம்பவில்லை என்ற கருத்தில் அவர் அங்கே எழுதியிருக்கிறார். அப்படி முழங்க எவருக்காவது உரிமை இருந்தது என்றால் அவருக்குத்தான் இருந்தது. அவர் மறுத்ததற்குக் காரணத்தைச் சங்கரர் வழியிலேயே காணலாம். ஆய்வகக் கருவி காட்டும் அளவு எதுவானாலும் அது யாரோ ஒருவருக்குத் தெரிய வேண்டும். அந்தத் தெரிதலைக் கருவியின் முள் காட்ட முடியாது, ஏனென்றால் முள் தெரிவதே அதனால்தான்.